சேர்ந்து வாங்கிய மின்சாரம்: தங்கை வீட்டு பில்லில் நான் பார்த்த கணக்கு

மொத்தமாக எடுத்தால் விலை இறங்கும் என்பதை வியாபாரிகளுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. புறக்கோட்டையில் கடை திறந்த முதல் வருடத்திலேயே படித்துக்கொள்ளும் பாடம் அது. ஒரு காலத்தில் நாங்கள் நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே கொள்கலனில் பிளாஸ்டிக் சாமான் இறக்கினோம். தனித்தனியாகக் கேட்டபோது பதில் கூடப் போடாத ஏற்றுமதிக்காரர், முழுக் கொள்கலன் என்றதும் விடிவதற்கு முன் விலைப்பட்டியல் அனுப்பிவிட்டார். ஆனால் வீட்டுக்கு வரும் மின்சாரத்தையும் இப்படிச் சேர்ந்து வாங்கலாம் என்று 2013ஆம் ஆண்டு வரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

அந்த வருட ஆரம்பத்தில் கிழக்கு லண்டனில் என் தங்கை வீட்டில் மூன்று கிழமை தங்கியிருந்தேன். ஒரு நாள் காலையில் தங்கை ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொண்டு வந்து மேசையில் வைத்தாள்.

"நானா, இதக் கொஞ்சம் பாருங்க. கவுன்சில்காரங்க எல்லார் வீட்டுக் கரண்டையும் சேர்த்து ஏலத்துல எடுக்கப் போறாங்களாம். நாங்களும் பேரக் குடுக்கவா?"

"காசு கேக்குறாங்களா?" என்றேன்.

"இல்ல. பேரக் குடுத்தாலும் எடுத்துத்தான் ஆகணும்னு கட்டாயமும் இல்லயாம்."

காசும் இல்லை, கட்டாயமும் இல்லை என்றால் இதில் யாருக்கு என்ன இலாபம் என்பதுதான் எந்த வியாபாரிக்கும் முதலில் வரும் கேள்வி. எனக்கும் அதுதான் வந்தது. அன்றிலிருந்து தங்கை வீட்டு மின்கட்டணப் பட்டியலைப் போகும்போதெல்லாம் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. மச்சான் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

விடயம் விளங்க வேண்டுமானால் அங்குள்ள ஏற்பாட்டைச் சிறிது சொல்ல வேண்டும். பிரித்தானியாவில் 1990இல் மின்சாரம் தனியார் கைக்குப் போனது. 1999ஆம் ஆண்டளவில், எந்தக் கம்பனியிடம் மின்சாரம் வாங்குவது என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் தாமே தெரிவு செய்யலாம் என்ற நிலை வந்தது. கம்பி ஒன்றுதான், மீற்றரும் ஒன்றுதான். கம்பனி மாறினாலும் விளக்கு ஒரு வினாடி கூட அணையாது. மாறுவது பில் அனுப்பும் ஆளும் அலகுக்குரிய விலையும்தான். பில்லில் இரண்டு வகைக் கட்டணம் இருக்கும். ஒன்று பாவித்த அலகுக்கான கட்டணம். மற்றது பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் நாளாந்தம் அறவிடும் நிலையான கட்டணம்.

இருபது கம்பனி இருந்தால் போட்டியில் விலை தானாக இறங்கிவிடும் என்று நாம் நினைப்போம். அங்கே அப்படி நடக்கவில்லை. கம்பனிகள் புது ஆளைப் பிடிக்க ஒரு வருடத்துக்கு மலிவு விலை கொடுப்பார்கள். வருடம் முடிந்ததும், வாடிக்கையாளர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால், அவரைக் கூடிய விலையுள்ள வழமைக் கட்டணத்தில் போட்டுவிடுவார்கள். பெரும்பாலானவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. அந்நாட்டின் போட்டி மற்றும் சந்தைகள் அதிகார சபை 2016இல் விசாரித்து வெளியிட்ட முடிவின்படி, ஆறு பெரிய கம்பனிகளின் வீட்டு வாடிக்கையாளர்களில் சுமார் 70 வீதமானோர் அந்த வழமைக் கட்டணத்தில்தான் இருந்தார்கள். நல்ல போட்டி இருந்தால் கட்டியிருக்க வேண்டியதை விட வருடத்துக்குச் சுமார் 1.4 பில்லியன் பவுண் மேலதிகமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்றும் அந்தச் சபை சொன்னது. புது முகத்துக்குக் கழிவு, பழைய வாடிக்கையாளருக்கு முழு விலை. நம்முடைய கடைத்தெருவில் இந்த வியாபாரம் செய்தால் ஆறு மாதத்தில் கடையைப் பூட்ட வேண்டி வரும். மின்சாரத்தில் மட்டும் அது ஓடியது. ஏனென்றால் வாங்குபவருக்கு அந்தச் சாமான் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்த உறக்கத்தை உடைக்கத்தான் சேர்ந்து வாங்கும் திட்டங்கள் வந்தன. 2012இல் 'விச்' என்ற பாவனையாளர் அமைப்பு ஒரு பெரிய திட்டத்தை நடத்தியது. 287,000க்கும் அதிகமான மக்கள் பெயர் கொடுத்தார்கள். அதே வருடம் அரசாங்கமும் உள்ளூராட்சி சபைகளும் சமூக அமைப்புகளும் இப்படிச் செய்வதற்கு 5 மில்லியன் பவுண் ஒதுக்கியது. 2013இல் லண்டனின் பல நகர சபைகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு திட்டத்தை ஆரம்பித்தன. தங்கையின் மேசைக்கு வந்த பிரசுரம் அதனுடையதுதான். ஏலத்தை நடத்திக் கொடுத்தது ஐச்சூசர் என்ற பெல்ஜியக் கம்பனி. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் இந்தத் தொழிலை முன்பே செய்து பழகியவர்கள்.

ஏலம் என்றதும் விலை ஏறும் ஏலம் என்று நினைத்துவிட வேண்டாம். இது இறங்கும் ஏலம். பெயர் கொடுத்தவர்கள் எத்தனை பேர், எவ்வளவு பாவிக்கிறார்கள், எப்படிப் பணம் கட்டுகிறார்கள் என்ற விபரத்தைக் கம்பனிகளுக்குக் கொடுப்பார்கள். குறித்த நாளில் குறித்த நேரத்தில் கம்பனிகள் ஒன்றை விட ஒன்று குறைத்து விலை போடும். மணி முடியும்போது எவர் ஆகக் குறைவோ அவருக்கே அந்தக் கூட்டம். பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் கடிதம் வரும். நீங்கள் இப்போது இவ்வளவு கட்டுகிறீர்கள், இந்த விலையில் இவ்வளவு வரும், வித்தியாசம் இவ்வளவு, விருப்பமானால் இந்தத் திகதிக்குள் சொல்லுங்கள் என்று அதில் இருக்கும்.

சரி, யாருக்கு இலாபம்? வென்ற கம்பனி, தன்னிடம் வந்து சேரும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஏலம் நடத்தியவருக்கு ஒரு கொமிஷன் கொடுக்கும். அதில் ஒரு பங்கு திட்டத்தைக் கொண்டு நடத்தும் சபைக்கும் போவதுண்டு. இதில் களவு ஒன்றுமில்லை, வெளிப்படையாகவே சொல்கிறார்கள். விளம்பரத்துக்கும் வீடு வீடாக ஆள் அனுப்புவதற்கும் செலவாகும் பணத்தில் ஒரு பகுதியை மிச்சம் பிடித்துத்தான் கம்பனி விலையைக் குறைக்கிறது. ஆனால் கொமிஷன் தலைக்குத் தலை வருகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏலம் நடத்துபவருக்கு வருமானம் ஆட்கள் மாறினால்தான். இருக்கும் இடத்திலேயே இருங்கள், அதுவே மலிவு என்று சொல்வதில் அவருக்கு ஒரு சதமும் இல்லை.

மச்சான் அப்போது ஒரு கேள்வி கேட்டார். "ஒரு லட்சம் பேர் சேர்ந்தா பாதி விலைக்கு வராதா மச்சான்?" வராது. அதற்குக் காரணம் உண்டு. அலகு விலையில் எல்லாம் கம்பனியின் கையில் இல்லை. சந்தையில் மின்சாரம் வாங்கும் விலை ஒரு பகுதிதான். கம்பி வலையமைப்புக்குக் கட்ட வேண்டிய கட்டணம், அரசாங்கத்தின் சூழல் திட்டங்களுக்கான அறவீடுகள், 5 வீத வற் வரி ஆகியவை எந்தக் கம்பனி வந்தாலும் ஒன்றுதான். கூட்டம் எவ்வளவு பெரிதானாலும் அசைக்கக் கூடியது கம்பனியின் இலாபத்தையும் அதன் நிர்வாகச் செலவையும்தான். தேயிலைத் தூள் மொத்தமாக எடுத்தால் தோட்டத்து விலை இறங்குவதில்லை, இடையிலிருப்பவரின் பங்குதான் இறங்கும். அது போலத்தான் இதுவும்.

கடிதம் வந்தது. தங்கை வீட்டுக்கு வருடத்துக்கு நூற்று நாற்பது பவுண் அளவில் மிச்சம் என்று போட்டிருந்தது. பன்னிரண்டு மாதத்துக்கு விலை மாறாது. அவள் சம்மதம் சொன்னாள். எல்லோரும் அப்படிச் சொல்லவில்லை. 'விச்' அமைப்பின் 2012ஆம் ஆண்டுத் திட்டத்தில் பெயர் கொடுத்த 287,000 பேரில் உண்மையில் மாறியவர்கள் நாற்பதினாயிரத்துக்கும் குறைவு. வியாபாரக் கண்ணால் பார்த்தால் இது பெரிய குறை. ஏலத்தில் விலை போடும் கம்பனி, கூட்டம் வரும் என்று நம்பித்தான் குறைக்கிறது. ஏழு பேர் பெயர் கொடுத்து ஒருவர் வந்தால், அடுத்த முறை அது அவ்வளவு குறைக்காது. நான்கு பேர் சேர்ந்து கொள்கலன் போட்டுவிட்டு, துறைமுகத்துக்குச் சாமான் வந்த பிறகு இருவர் கழன்றுகொண்டால் மற்ற இருவரின் கதி என்ன என்பது நமக்குத் தெரியும்.

இன்னொரு விடயமும் அப்போது கண்ணில் பட்டது. தங்கையின் பக்கத்து வீட்டில் ஒரு வயதான சோமாலியப் பெண்மணி இருந்தார். அவருடையது முற்கொடுப்பனவு மீற்றர். கடைக்குப் போய் அட்டையில் பணம் போட்டு வந்தால்தான் மின்சாரம். இப்படியானவர்களுக்குக் கிடைத்த விலை பெரிதாக இறங்கவில்லை. வங்கிக் கணக்கிலிருந்து மாதா மாதம் தானாகப் பணம் போகும் வீடுகளைத்தான் கம்பனிகள் விரும்பின. ஆகக் கஷ்டப்பட்டவருக்கு ஆகக் கூடிய விலை. 2017 ஏப்ரலில் முற்கொடுப்பனவு மீற்றர் வீடுகளுக்கு விலை உச்சவரம்பு போடும் வரையில் இந்த நிலைக்குச் சரியான பரிகாரம் வரவில்லை.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன்.

2015இல் மீண்டும் போனேன். பழக்கத்தின்படி பில்லை எடுத்துப் பார்த்தேன். அலகு விலை 2013இல் எழுதிய விலை இல்லை. கம்பனி அதேதான். "எப்ப கூடினது?" என்று கேட்டேன். தங்கைக்குத் தெரியாது. மச்சானுக்கும் தெரியாது. பழைய கடிதங்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார்கள். கிண்டிப் பார்த்தபோது, பன்னிரண்டு மாதம் முடியப் போகிறது என்று கம்பனி அனுப்பிய கடிதம் திறக்கப்படாமலே கிடந்தது. பதினான்கு மாதமாக வழமைக் கட்டணத்தில் ஓடியிருக்கிறார்கள். கடதாசியில் கூட்டிக் கழித்துப் பார்த்தோம். ஏலத்தால் மிச்சமான நூற்று நாற்பது பவுணும் போய், அதற்கு மேலும் இருபது பவுண் அளவில் போயிருந்தது.

கம்பனி ஏமாற்றவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததைத்தான் செய்தது. கூட்டத்துக்குப் பலம் இருந்தது ஏலம் நடந்த அந்த ஒரு நாளில் மட்டும். மறுநாளே கூட்டம் கலைந்து, ஒவ்வொருவரும் பழையபடி தனி வாடிக்கையாளராகிவிட்டார்கள். கம்பனி பொறுத்திருந்து, ஒரு வருடம் கழித்து அவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டது. குறைந்த விலை போட்டு ஏலம் எடுத்தவருக்கு அந்தக் கணக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருக்கும்.

இதை அங்குள்ள மின்சார, எரிவாயு ஒழுங்குபடுத்துநரான ஒஃப்ஜெம்மும் கண்டுகொண்டது. 2018இல் அவர்கள் ஒரு பரீட்சை செய்தார்கள். ஒரு பெரிய கம்பனியில் மூன்று வருடத்துக்கும் மேலாக வழமைக் கட்டணத்தில் கிடந்த 50,000 வாடிக்கையாளர்களைத் தெரிவு செய்தார்கள். அவர்களுக்காகச் சேர்த்துப் பேசி ஒரு விலை வாங்கி, ஒவ்வொருவருக்கும் அவரவர் மிச்சத்தைத் தொகையாக எழுதிக் கடிதம் போட்டார்கள். மாற விரும்பினால் தன்னுடைய பாவனை விபரத்தைத் தேடிக் கொடுக்கும் வேலை கூட இல்லை. 22.4 வீதமானோர் மாறினார்கள். கடிதம் போகாத மற்றக் கூட்டத்தில் மாறியது 2.6 வீதம். மாறியவர்களுக்கு வருடத்துக்குச் சுமார் 300 பவுண் மிச்சம். ஒன்பது மடங்குக்குக் கிட்டிய வித்தியாசம். ஆனால் கையில் தொகையைக் காட்டி, வேலையையும் நாமே செய்து கொடுக்கிறோம் என்று சொன்ன பிறகும் ஐந்தில் நான்கு பேர் அசையவில்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

அசையாதவர்களையும் சேர்த்துக்கொள்ள அமெரிக்காவில் வேறு வழி கண்டார்கள். ஒஹையோ மாநிலத்தில் ஊர் மக்கள் வாக்களித்துச் சம்மதித்தால் ஊர் முழுவதும் கூட்டத்தில் சேர்ந்துவிடும். வேண்டாம் என்பவர்தான் எழுதிக் கொடுத்து விலக வேண்டும். வடகிழக்கு ஒஹையோவில் 2000இல் தொடங்கிய ஒரு பொது எரிசக்தி சபை, இருநூறுக்கும் அதிகமான ஊர்களுக்கு இப்படி மின்சாரம் வாங்கிக் கொடுத்து வந்தது. 2022இல் சந்தை விலை ஏறியபோது, அவர்களுடைய விலை அப்பகுதி மின் கம்பனியின் சாதாரண விலையை விடக் கூடிவிட்டது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களை அந்தச் சபையே பழைய கம்பனியிடம் திருப்பி அனுப்பியது. உறங்குபவரையும் சேர்த்துக்கொண்டால் கூட்டம் பெரிதாகும், உண்மைதான். ஆனால் கூட்டத்துக்காக விழித்திருப்பவர் பிழை விட்டால் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் அடி விழும்.

அடி தங்கை வீட்டிலும் விழுந்தது, ஒரு வருடம் முந்தி. 2015க்குப் பிறகு அவள் கவனமாகிவிட்டாள். ஒப்பந்தம் முடியும் திகதியைச் சமையலறைக் கலண்டரில் சிவப்புப் பேனையால் எழுதி வைப்பாள். ஒவ்வொரு முறையும் ஏலத்துக்குப் பெயர் கொடுப்பாள், கணக்குப் பார்ப்பாள், இலாபம் என்றால் மாறுவாள். 2020 கடைசியில் அப்படி மாறியது ஒரு சிறிய கம்பனிக்கு. பெயர் வேண்டாம். ஆகக் குறைந்த விலை போட்டவர்கள் அவர்கள்தான்.

2021 கோடைக்குப் பின் ஐரோப்பாவில் எரிவாயு விலை பாய்ந்தது. பிரித்தானியாவின் மின்சாரத்தில் பெரும் பங்கு எரிவாயுவில் ஓடும் நிலையங்களிலிருந்து வருவதால் மின்சார விலையும் கூடவே ஏறியது. அந்த இலையுதிர் காலத்தில் தங்கையின் கம்பனி மூடப்பட்டது. அது மட்டுமல்ல. 2021 நடுப்பகுதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் முப்பது வரையான கம்பனிகள் விழுந்தன. அவற்றில் பெரியதான பல்ப் கம்பனிக்குப் பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அரசாங்கம் பணம் போட்டு அதை ஓட வைக்க வேண்டி வந்தது.

ஏன் விழுந்தார்கள் என்பதை நம் பாஷையில் சொல்கிறேன். நோன்பு காலத்துக்குச் சீனி கொடுப்பதாக ஒருவர் மூன்று மாதத்துக்கு முன்பே விலை பேசி நூறு கடையிடம் ஓடர் எடுக்கிறார். ஆனால் இறக்குமதிக்காரரிடம் அவர் ஒரு மூடை கூட முற்பதிவு செய்யவில்லை. விலை இறங்கினால் இரட்டை இலாபம். ஏறினால் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவார். மின்சாரத்தில் கவனமாக இருந்த கம்பனிகள், ஒரு வருட விலைக்கு வாக்குக் கொடுத்தால் அந்த ஒரு வருட மின்சாரத்தையும் சந்தையில் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும். அதற்குப் பணம் முடங்கும், ஆகவே அவர்களால் ஏலத்தில் ஆகக் குறைந்த விலை போட முடிவதில்லை. விழுந்தவர்களில் பலர் அப்படி வாங்கி வைக்காதவர்கள். ஏலத்தில் விலையைத்தான் பார்த்தார்கள், சாமான் கையில் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

தங்கை வீட்டில் விளக்கு அணையவில்லை. ஒஃப்ஜெம் அவளை வேறொரு கம்பனிக்கு மாற்றியது. கணக்கில் கூடுதலாகக் கட்டியிருந்த பணமும் வந்து சேர்ந்தது. ஆனால் மலிவு விலை போய்விட்டது. புதுக் கம்பனியில் உச்சவரம்பு விலைதான். அந்த உச்சவரம்பு, சாதாரண வீட்டுக்கு எரிவாயுவும் மின்சாரமும் சேர்த்து வருடத்துக்கு 2021 ஒக்டோபரில் 1,277 பவுணாக இருந்தது. 2022 ஏப்ரலில் 1,971 ஆனது. ஒக்டோபரில் 3,549 என்று அறிவித்தார்கள். அரசாங்கம் தலையிட்டு 2,500 அளவில் பிடித்து வைத்தது. விழுந்த கம்பனிகளின் வாடிக்கையாளர்களை மாற்றிய செலவும் எல்லோருடைய பில்லிலும்தான் ஏறியது. வீடொன்றுக்குச் சுமார் 94 பவுண் என்று அந்நாட்டுத் தேசிய கணக்காய்வு அலுவலகம் 2022இல் கணக்குச் சொன்னது. ஏலத்தில் ஒரு நாளும் பெயர் கொடுக்காத அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்மணியின் அட்டையிலும் அந்தப் பணம் கழிந்திருக்கும்.

அந்த மாதங்களில் ஒரு வருடத்துக்கு மாறாத விலை என்ற சாமானே சந்தையில் இல்லாமல் போனது. 2023க்குப் பிறகுதான் அது மெல்ல மெல்லத் திரும்பி வந்தது.

மச்சானின் கடையைப் பற்றியும் இரண்டு வரி. அவருக்கு ஒரு சிறிய பலசரக்குக் கடை இருக்கிறது. நான்கு குளிர்சாதனப் பெட்டி, இரவு பகலாக ஓடும். வீட்டு ஏலத்தில் கடை மீற்றர் சேராது. கடைக்குத் தொலைபேசியில் ஒரு தரகர் வந்தார், நல்ல விலை என்றார், மச்சான் "ஓகே" என்றார். அந்த ஒரு சொல்லே மூன்று வருட ஒப்பந்தம். குரல் பதிவு இருக்கிறது. வீட்டு ஒப்பந்தத்துக்கு இருக்கும் பதினான்கு நாள் அவகாசம் வியாபார ஒப்பந்தத்துக்கு இல்லை. தரகருடைய கொமிஷன் அலகுக்கு இவ்வளவு பென்ஸ் என்று விலைக்குள்ளேயே ஒளிந்திருந்தது. 2022 ஒக்டோபரிலிருந்துதான் சிறு வியாபாரிகளுக்கு அந்தத் தொகையைக் காட்ட வேண்டும் என்று ஒழுங்கு வந்தது. பத்துப் பவுணுக்கு மாவு மூடை எடுக்கும்போது அரை மணித்தியாலம் பேரம் பேசும் மனிதர், ஆயிரக்கணக்கான பவுணை ஒரு தொலைபேசி அழைப்பில் கொடுத்துவிட்டார். என் வாயாலேயே இதைச் சொல்லிவிட்டுத்தான் கொழும்புக்கு வந்து என் கடை பில்லை முதன்முறையாக ஒழுங்காக வாசித்தேன். ஆகவே அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை.

நம் நாட்டில் இப்படிச் சேர்ந்து மின்சாரம் வாங்க முடியுமா என்று இதை வாசிக்கும் பலர் கேட்பீர்கள். இன்றைய நிலையில் முடியாது. ஒரு வீட்டுக்கு மின்சாரம் தருபவர் அந்தப் பகுதிக்குரிய ஒருவர்தான். அவர் யார் என்று நாம் தெரிவு செய்வதில்லை. 2024, 2025ஆம் ஆண்டுச் சட்டங்கள் மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரித்தாலும் வீட்டுக்காரருக்குத் தெரிவு வந்துவிடவில்லை. அதை விட, இங்கே மொத்த விலை நியாயமே தலைகீழ். கூட எடுத்தால் அலகு விலை கூடும். 60 அலகைத் தாண்டினால் வேறு பட்டியல். இரண்டு வீட்டை ஒரே மீற்றரில் சேர்த்தால் கழிவு கிடைக்காது, தண்டம் போலத்தான் முடியும்.

ஆனால் சேர்ந்து வாங்கக் கூடிய ஒரு சாமான் இருக்கிறது. அது கூரையில் போடும் சூரிய மின்கலத் தகடு. மேலே சொன்ன அதே பெல்ஜியக் கம்பனி பிரித்தானிய சபைகளோடு சேர்ந்து இதற்கும் இறங்கும் ஏலம் நடத்துகிறது. ஒரு பகுதியில் ஆயிரக்கணக்கான வீடுகள் பெயர் கொடுக்கும். பொருத்தும் கம்பனிகள் விலை போடும். வென்றவர் ஒவ்வொரு கூரையாகப் பொருத்திக் கொடுப்பார். நம் நாட்டில் மின்சாரம் விற்பவர் ஒருவராக இருந்தாலும் தகடு பொருத்துபவர்கள் பலர். ஆகவே கூட்டத்துக்குப் பேரம் பேச இடமிருக்கிறது.

2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் மின்கட்டணம் ஏறியபோது எங்கள் ஒழுங்கையில் இந்தப் பேச்சு ஆரம்பித்தது. பதினொரு வீட்டார் கூடினோம். எல்லோருக்கும் ஒரே மாதிரித் தகடு, ஒரே மாதிரி இன்வேர்ட்டர் என்று ஒரு பக்கத்தில் எழுதி, நான்கு கம்பனிகளிடம் மூடிய உறையில் விலை கேட்டோம். தனி வீடாகக் கேட்டபோது சொன்ன விலையை விட எல்லோருமே குறைத்தார்கள். ஒருவர் மற்ற மூவரையும் விட மிகவும் குறைத்திருந்தார்.

கூட்டத்தில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அவரிடமே கொடுத்துவிட வேண்டும் என்ற ஆசை. எனக்குத் தங்கையின் பிஸ்கட் டின் ஞாபகம் வந்தது. அவரைக் கூப்பிட்டு மூன்று விடயம் கேட்டேன். தகடுகள் களஞ்சியத்தில் இருக்கின்றனவா, அல்லது எங்கள் முற்பணத்தில்தான் இறக்கப் போகிறீர்களா? இன்வேர்ட்டரின் உத்தரவாதம் உங்கள் கம்பனியுடையதா, உற்பத்தியாளருடையதா? நீங்கள் கடையை மூடினால் நாங்கள் யாரிடம் போவது? முதல் கேள்விக்கே மனிதர் சுற்றி வளைத்தார். சாமான் அடுத்த கப்பலில் வருகிறது என்றார். கப்பலின் பெயரைக் கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது.

இரண்டாவது குறைந்த விலைக்காரரிடம் கொடுத்தோம். முற்பணம் பத்தில் ஒன்று. சாமான் கூரைக்கு ஏறிய பிறகு பாதி. மீற்றர் மாற்றி மின்சாரம் ஓடிய பிறகு மீதி. இதற்கு அவர் ஒத்துக்கொண்டது பதினொரு வீடு என்பதால்தான், ஒரு வீட்டுக்காரர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். கடைசியில் நான்கு பேர் விலகிக்கொண்டார்கள். அதற்காக விலையைச் சிறிது கூட்டிக் கேட்டார். அது அவருடைய நியாயம். ஏழு வீட்டாரும் பகிர்ந்துகொண்டோம்.

விலகியவர்களில் ஒருவர் போன வருடம் வந்து, இப்போது சேரலாமா என்று கேட்டார். சபை புதியவர்களின் மின்சாரத்துக்குக் கொடுக்கும் விலை இடையில் குறைந்துவிட்டது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைத் தகடுகளை நிறுத்தி வைக்கும்படி சபை கேட்டுக்கொண்ட பிறகு, பற்றரி இல்லாமல் போடுவது பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கிறது. அவருடைய கணக்கை வேறாகத்தான் போட வேண்டும் என்று சொல்லி, எங்கள் பழைய ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன். பற்றரியோடு சேர்த்து விலை கேட்க இன்னும் ஐந்து வீட்டாரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.